கடன் தொகை குறைவு என்றால் கடன் சுமையும் குறைவா?

கேள்வி (முதுகலை மாணவி):
ஆய்வுக்காக நூற்றுச் சொச்சம் வீடுகளின் வரவு செலவை எடுத்தேன். மாதச் சம்பளக்காரர்கள் ஒரு பக்கம், தினக்கூலிக்காரர்கள் ஒரு பக்கம். வருமானம் குறையக் குறைய சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடியது. ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857லேயே கண்டது, அதனால் ஆச்சரியமில்லை. குழப்பம் கடனில்தான். சராசரிக் கடன் சம்பளக்காரர்களுக்குப் பல மடங்கு அதிகம். கூலி வீடுகளில் பாதிக்கு மேல் "கடன் இல்லை" என்றார்கள். அப்படியானால் ஏழைகள்தான் கடனில் மூழ்குகிறார்கள் என்பது வெறும் பேச்சா?

பதில் (களப்பணிக்காரன்):
பத்து வருடம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தவன் நான். "கடன் இருக்கா?" என்றுதானே கேட்டீர்கள்? கடன் என்றாலே பலருக்கு வங்கிக் கடன்தான். ஒரு வீட்டில் அந்த மனிதர் சல்லிக்காசு கடன் கிடையாது என்று அடித்துச் சொன்னார். படிவத்தில் கோடு போட்டுவிட்டு, "யாருக்காவது பாக்கி கொடுக்கணுமா?" என்று சும்மா கேட்டேன். கடைப் பாக்கி, இரண்டு மாத வாடகை, மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் என்று வரிசையாக வந்தது. அவர் உள்ளே போனதும் மனைவி அலமாரியைத் திறந்து மூன்று அடகு ரசீதுகளைக் காட்டினார். அதில் இரண்டு கணவருக்கே தெரியாதாம். கோட்டை அழித்துவிட்டு ஆறு வரி எழுதினேன்.

அப்புறம், தொகையை மட்டும் பார்க்காதீர்கள். வருமானத்தில் எவ்வளவு வட்டிக்கும் தவணைக்கும் போகிறது என்று பாருங்கள். சம்பளக்காரரின் பெரிய கடன் பெரும்பாலும் வீட்டின் பேரில் இருக்கும்; கட்டக் கட்டச் சொத்து அவருடையதாகும். கூலிக்காரர் வாங்கியது மருத்துவத்திலோ வேலையில்லாத வாரத்திலோ கரைந்திருக்கும். வட்டியும் வேறு. மாதம் 3 சதவீதம் கேட்கச் சின்னதுதான். கட்டாமல் விட்டால் வட்டிக்கு வட்டி ஏறி வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும்.

பதில் (புள்ளியியல் படித்தவர்):
மேலே சொன்னது சரி, ஆனால் "இல்லை" என்ற எல்லோரும் மறைக்கவில்லை. சிலருக்குக் கடன் கொடுக்க ஆளே இல்லை. அதனால் எத்தனை வீடுகளில் கடன் என்பதைத் தனியாகவும், கடன் உள்ள வீடுகளுக்கு மட்டும் சராசரியைத் தனியாகவும் போடுங்கள். வயதையும் பிரித்துக்கொள்ளுங்கள். மக்கள் இந்த மாத வருமானத்தை வைத்து மட்டுமல்ல, நாளைக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கிலும் செலவு செய்கிறார்கள் என்று பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1957இல் எழுதினார். இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவரும் ஓய்வு பெறப்போகிறவரும் ஒரே சம்பளம் வாங்கலாம்; கடன் வாங்கும் துணிச்சல் ஒன்றாக இருக்காது.

மாணவி:
படிவத்தை எடுத்துப் பார்த்தேன் சார். "கடன் உண்டா? ஆம் / இல்லை." ஒரே வரி! கூலி வீடுகளுக்கு மட்டுமாவது திரும்பப் போகத்தான் வேண்டும். வழிகாட்டியிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்.