டொரொண்டோவில் வேலை தேடுபவர்களுக்கு: கம்பெனிகள் லிங்க்ட்இன்னில் உங்களை எப்படித் தேடுகின்றன?

புதிதாக வந்தவர்கள் இங்கே திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "தினமும் அப்ளை பண்ணுகிறேன், ஒரு பதிலும் வரவில்லை." அப்ளை செய்வதை விடச் சொல்லவில்லை. ஆனால் விளம்பரம் போட்டுவிட்டு யார் வருவார்கள் என்று கம்பெனிகள் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. அவர்களே தேடிக்கொண்டு போகிறார்கள். எங்கள் ஆபீஸில் ஆள் எடுக்கும்போது ஹெச்.ஆர். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவன் என்பதால், அந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

லிங்க்ட்இன், கம்பெனிக்கு ஆள் தேடும் ரிக்ரூட்டர்களுக்கென்று தனியாக ஒரு கட்டணச் சேவை வைத்திருக்கிறது. நாம் பார்க்கும் பக்கம் வேறு, அவர்கள் பார்க்கும் திரை வேறு. பதவிப் பெயர், ஸ்கில், ஊர், அனுபவம் என்று வடிகட்டிக்கொண்டே வருவார்கள். மிஞ்சும் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் சின்னதாக ஒரு படம், பெயர், அதன் கீழே ஒரு வரி, இப்போதைய வேலை, ஊர். அவ்வளவுதான். அதைப் பார்த்துத்தான் திறப்பதா தாண்டுவதா என்று முடிவாகிறது. உங்கள் அருமையான ரெஸ்யூமே வரைக்கும் கண் போவது அதற்குப் பிறகுதான்.

முதலில் ஊரை மாற்றுங்கள். ஸ்கார்பரோவில் பேஸ்மென்ட் எடுத்துக் குடிவந்து மாதக் கணக்கான பிறகும் ப்ரொஃபைலில் "சென்னை" என்றே விட்டிருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். டொரொண்டோ வட்டாரம் என்று வடிகட்டும்போது அவர்கள் பட்டியலிலேயே வரமாட்டார்கள்.

அடுத்தது பதவிப் பெயர். நம்மூர் ஐ.டி. கம்பெனிகள் கொடுக்கும் "மாட்யூல் லீட்", "அசோசியேட்" போன்ற பெயர்களை இங்கே யாரும் தேடுபெட்டியில் தட்டுவதில்லை. "சாஃப்ட்வேர் டெவலப்பர்", "பிசினஸ் அனலிஸ்ட்", "க்யூ.ஏ. அனலிஸ்ட்" என்றுதான் தட்டுவார்கள். கணக்குத் துறையிலும் இதே கதை: ஊரில் "அக்கவுன்ட்ஸ் எக்சிக்யூட்டிவ்" என்றிருந்தவர் செய்த வேலையை இங்கே "அக்கவுன்ட்ஸ் பேயபிள்", "புக்கீப்பர்" என்று தேடுவார்கள். பொய்ப் பதவி போடச் சொல்லவில்லை. பழைய கம்பெனி கொடுத்த பெயர் அது இருக்கும் இடத்தில் அப்படியே இருக்கட்டும். பெயருக்குக் கீழே வரும் அந்த ஒரு வரியில் மட்டும், செய்த வேலையை இந்த ஊர்ப் பெயரால் எழுதுங்கள். "எக்ஸ்பீரியன்ஸ்டு ப்ரொஃபெஷனல் சீக்கிங் ஆப்பர்சூனிட்டி" என்ற வரியைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அந்த வார்த்தைகளைப் போட்டு யாரும் ஆள் தேடுவதில்லை.

வேலை தேடுகிறேன் என்று காட்டும் "ஓப்பன் டு வொர்க்" குறியைப் போடலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். அதில் இரண்டு வகை உண்டு. படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் எல்லோர் கண்ணுக்கும் தெரிவது ஒன்று. ரிக்ரூட்டர்களுக்கு மட்டும் தெரிவது இன்னொன்று. கையில் ஒரு வேலை இருந்தால் இரண்டாவதைப் போடுங்கள். உங்கள் கம்பெனி ரிக்ரூட்டர்களின் கண்ணில் படாமல் மறைக்கப் பார்ப்போம், ஆனால் உத்தரவாதம் இல்லை என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது. வேலையே இல்லை என்றால் பச்சை வளையத்தில் ஒரு வெட்கமும் இல்லை.

ரிக்ரூட்டர் அனுப்பும் செய்திக்கு "இன்மெயில்" என்று பெயர். மாதத்துக்கு இத்தனை என்று அவர்களுக்குக் கணக்கு உண்டு. 90 நாளுக்குள் நீங்கள் பதில் போட்டால், வேண்டாம் என்று சொன்னால்கூட, அந்தக் கணக்கு அவருக்குத் திரும்பிவிடும். அதனால் பொருந்தாத வேலையாக இருந்தாலும் இரண்டு வரி எழுதுங்கள்: நன்றி, இது எனக்குச் சரிவராது, இன்ன மாதிரி வேலை வந்தால் சொல்லுங்கள். நம் ஆட்களில் பலர் இதைச் செய்வதில்லை, செய்கிறவர் நினைவில் நிற்கிறார்.

அடுத்து ரெஃபரல், அதாவது கம்பெனிக்குள் வேலை செய்பவரின் சிபாரிசு. நிறையக் கம்பெனிகள், ஆள் கொண்டுவரும் ஊழியருக்குப் பணம் கொடுக்கின்றன. "வீ ஆர் ஹயரிங்" என்று ஊழியர்கள் போஸ்ட் போட்டுத் தள்ளுவதற்கு அதுவும் ஒரு காரணம். எனவே கேட்கத் தயங்க வேண்டாம், கேட்கும் விதம்தான் முக்கியம். "டியர் சார், கைண்ட்லி ரெஃபர் மீ ஃபார் எனி சூட்டபிள் ஜாப்" என்று வந்தால், எந்த வேலைக்கு என்று நான் எங்கே போய்த் தேடுவது? வேலையின் லிங்க், நீங்கள் ஏன் பொருந்துவீர்கள் என்று மூன்று வரி, ரெஸ்யூமே. இவ்வளவு இருந்தால் நான் அப்படியே உள்ளே அனுப்பிவிடலாம். அறிமுகமே இல்லாதவரிடம் முதலில் "காபி சாட்" கேளுங்கள். கால் மணி நேரம் அவருடைய வேலை பற்றிப் பேசுவது, அன்றைக்கே வேலை கேட்காமல் இருப்பது. அது இந்த ஊர் வழக்கம்.

உங்கள் ஃபேஸ்புக்கையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். தமிழில் திட்டினால் யாருக்குப் புரியப்போகிறது என்று நினைக்காதீர்கள். மொழிபெயர்க்கும் பொத்தான் இருக்கிறது. மார்க்கம் பக்கம் என்றால் ஹெச்.ஆரே தமிழராக இருக்கலாம்.

ஒன்டாரியோவில் 2026 ஜனவரி 1 முதல் விளம்பரங்களுக்குப் புது விதிகள் வந்திருக்கின்றன, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 25 பேருக்குக் குறையாத கம்பெனி பொதுவில் விளம்பரம் போட்டால் சம்பளத்தைச் சொல்ல வேண்டும். இவ்வளவிலிருந்து இவ்வளவு என்று போட்டால் வித்தியாசம் ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் போகக் கூடாது (2 லட்சம் டாலரைத் தாண்டும் வேலைக்கு இது பொருந்தாது). வடிகட்ட ஏ.ஐ. பயன்படுத்தினால் அதையும், இப்போது நிஜமாகவே காலி இடம் இருக்கிறதா என்பதையும் சொல்ல வேண்டும். "கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ்" கட்டாயம் என்று விளம்பரத்தில் போடக் கூடாது. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டவருக்கு 45 நாளுக்குள் முடிவு என்ன என்று சொல்லியாக வேண்டும். மனசுக்குள் யார் என்ன நினைக்கிறார்கள் என்பதைச் சட்டம் மாற்றாது, அது வேறு விஷயம். ஆனால் சம்பளம் போடாத பெரிய கம்பெனி விளம்பரம் கண்ணில் பட்டால் இனிமேல் சந்தேகப்படலாம்.

அப்புறம் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழுக்கள். பிராம்ப்டன் வேர்ஹவுஸ், ரெஸ்டாரன்ட் கிச்சன், டெலிவரி வேலைகள் நிஜமாகவே அங்கே வருகின்றன. முதல் வாடகை கொடுக்க அவை உதவும். ஆனால் வேலை வாங்கித் தருகிறேன் என்று உங்களிடம் பணம் கேட்பது இங்கே சட்டவிரோதம். ஆள் அனுப்பும் ஏஜென்சிகளும் ரிக்ரூட்டர்களும் 2024 ஜூலை 1 முதல் ஒன்டாரியோவில் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். மாகாண அரசின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளி அரசிடம் வாங்கும் அனுமதி மதிப்பீடு) விற்பவர்களும் இந்தக் குழுக்களில்தான் சுற்றுகிறார்கள். "50 பாயின்ட் ஏறும் அண்ணே" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வேலை ஆஃபருக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (பி.ஆர். என்ற நிரந்தரக் குடியிருப்புக்கு பாயின்ட் பார்த்து ஆள் எடுக்கும் முறை) கொடுத்த பாயின்ட்டுகளை 2025 மார்ச் 25-ஆம் தேதியே எடுத்துவிட்டார்கள். இல்லாத பாயின்ட்டுக்கு ஊரில் நகையை அடகு வைக்காதீர்கள்.

இன்டர்வியூவே இல்லாமல் டெலிகிராமில் "செலக்டட்" என்று வந்து, லேப்டாப் வாங்க செக் அனுப்புகிறோம், பேங்கில் போட்டு மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்றால், செக் பிறகு திரும்பிவிடும், நீங்கள் அனுப்பிய பணம் போனது போனதுதான். வேலை, வரிக்காக அரசு கொடுக்கும் சின் நம்பர் விஷயத்திலும் கவனம். உண்மையான முதலாளிக்கு நீங்கள் வேலையில் சேர்ந்த பிறகு மூன்று நாளுக்குள் கொடுத்தால் போதும். அதற்கு முன்னால் "ஃபார்ம் நிரப்பணும், சின் அனுப்புங்க" என்று சாட்டில் கேட்பவரை பிளாக் செய்துவிடுங்கள்.

நர்ஸ், இன்ஜினியர் மாதிரி லைசென்ஸ் வேண்டிய துறைக்காரர்களுக்கு வழி வேறு. என்ன படித்தீர்கள், எந்த நாட்டில் என்று கீழே எழுதுங்கள், தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள்.