மேக்கில் கம்பைல் ஆகும் சி கோடு லினக்ஸில் ஏன் விழுகிறது?

கேள்வி:
மேக்கிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் சத்தமில்லாமல் கம்பைல் ஆகிற கோடு, லினக்ஸில் மட்டும் ஸ்டர்டப் (ஸ்ட்ரிங்கை நகலெடுத்துத் தரும் ஃபங்ஷன்) அறிவிக்கப்படவில்லை என்று வார்னிங் தருகிறது. ஸ்ட்ரிங் ஹெடர் இருக்கிறது. வார்னிங்தானே என்று ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நிரல் விழுகிறது. மேக்ஃபைலில் (கம்பைல் கட்டளைகள் உள்ள கோப்பு) சி99, அதாவது சி மொழியின் 1999 தரநிலை, கொடுத்திருப்பதாலா?

பதில் 1:
அதேதான். ஸ்டர்டப் சி99-இல் கிடையாது, யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான போசிக்ஸ் தரநிலையைச் சேர்ந்தது. கறாராக சி99 கேட்டதால் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி அதை மறைத்துவிடுகிறது. அறிவிப்பு இல்லாததால் கம்பைலர் அது இன்ட் (32 பிட் முழு எண்) தரும் என்று நினைத்து 64 பிட் பாயின்டரில் பாதியை வெட்டிவிடும், அந்த முகவரியைத் தொட்டதும் விழுகிறது. ஜிசிசி கம்பைலரின் 14-ஆம் பதிப்பில் இது வார்னிங் இல்லை, எரரே. முதல் இன்க்ளூடுக்கும் மேலே போசிக்ஸ் சி சோர்ஸ் மேக்ரோவை 200809எல் என்று டிஃபைன் செய்யுங்கள்.

கேட்டவர்:
முதலில் ஹெடருக்குக் கீழே போட்டு அரை மணி நேரம் முழித்தேன். மேலே ஏற்றினேன், லினக்ஸ் சரி. ஆனால் இப்போது மேக்கில் ஸ்டர்எல்சிபையை (அளவு வரம்போடு ஸ்ட்ரிங்கை நகலெடுக்கும் ஃபங்ஷன்) காணோம்!

பதில் 2:
அந்த மேக்ரோ ஸ்டர்எல்சிபை போன்ற பிஎஸ்டி சமாச்சாரங்களை மறைக்கும். அதை எடுத்துவிட்டு, மேக்ஃபைலில் சி99-க்குப் பதில் க்னூ99 (சி99-உடன் க்னூ நீட்சிகளும்) கொடுங்கள். அப்புறம், ‘லினக்ஸ் என்றால் என் சொந்த ஸ்டர்எல்சிபை’ என்று இஃப்டெஃப் நிபந்தனை எழுதாதீர்கள், ஜிலிப்சி 2.38-இலிருந்து அதுவும் உள்ளேயே வருகிறது, இரண்டும் மோதலாம். கம்பைலுக்கு முன் ஓடும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டில் நாலு வரி சோதனை நிரலை லிங்க் செய்து பார்த்து, சொந்தமானது வேண்டுமா என்று முடிவெடுங்கள்.