நம்ம மலேசிய ராஜா அகோங் வர்றது ஓட்டுலயா, முறை வெச்சா? மீ கோரிங் பந்தயம்

பகாவ்_பையன்
வணக்கம் மக்களே. நேத்து ராத்திரி டவுன்ல மாமாக் (தமிழ் முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில உக்காந்திருந்தோம், நல்ல மழை வேற, மகளுக்கு செஜாரா (வரலாறு) பரீட்சை வருதுன்னு புக்கையும் தூக்கிட்டு வந்திருச்சு, வந்தது சும்மா இல்லாம "தாத்தா, நீங்க அகோங்குக்கு ஓட்டு போட்டிருக்கீங்களா"ன்னு கேட்டுருச்சு. எங்கப்பா தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு. "அதுக்கு ஏதும்மா ஓட்டு, அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் முறை வரும், லயத்துல தண்ணி பைப்புக்கு முறை வெச்ச மாதிரி"ன்னுட்டாரு. பக்கத்து மேசையில லோரி ஓட்டுற அண்ணன் விடல, தேர்தல்தான், பேப்பர்லயே "தேர்ந்தெடுக்கப்பட்டார்"னுதான போடுறான்னு ஒரே சத்தம். இப்ப மீ கோரிங் (வறுத்த நூடுல்ஸ்) பந்தயத்துல வந்து நிக்குது. யாரு கரெக்டு? இன்னொன்னு, மந்திரிங்க நீட்டுற பேப்பர்ல கையெழுத்து போடுறத தவிர அவருக்கு வேற வேலை இருக்கா?

பழைய_வாத்தியார்
தம்பி, ரெண்டு பேரு சொல்றதும் பாதி பாதி. 13 மாநிலத்துல ஆட்சியாளர் இருக்கறது 9ல மட்டும். பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் நாலுக்கும் கவர்னர், அவங்களுக்கு இதுல ஓட்டு இல்ல. மஜ்லிஸ் ராஜா-ராஜா, அதாவது ஆட்சியாளர்கள் சபை கூடி, அந்த ஒம்போது பேரோட முறை லிஸ்ட்ல முதல்ல இருக்கறவரோட பேர மட்டும் ஓட்டுச் சீட்டுல போட்டுக் குடுப்பாங்க. ஒரே பேருதான், போட்டி கிடையாது. "இவரு பொருத்தமா, இல்லையா" அவ்வளவுதான் கேள்வி. சீட்டுல நம்பர் இருக்காது, எல்லாருக்கும் ஒரே மாதிரி பேனா, ஒரே மை, யாரு என்ன போட்டாங்கன்னு கண்டுபிடிக்கக் கூடாதுல்ல. அஞ்சு ஓட்டு விழுந்தாத்தான் பதவிய எடுத்துக்கிறீங்களான்னு கேப்பாங்க. அவரு வேணாம்னாலோ ஓட்டு பத்தலன்னாலோ லிஸ்ட்ல அடுத்த பேரு. எண்ணி முடிச்சதும் சீட்டையெல்லாம் அழிச்சிருவாங்க.

தே_ஓ_கொசோங்
வாத்தியாரே, அப்ப அது முறைதான் லா. 1994ல ரெண்டாவது ரவுண்டு ஆரம்பிச்சது, நெகிரி செம்பிலான், சிலாங்கூர், பெர்லிஸ், திரெங்கானு, கெடா, கிளந்தான், பகாங், ஜொகூர்னு வரிசை அப்படியே போயிட்டிருக்கு, ஒரு ஸ்டேட் கூட தாண்டல. தாத்தாவுக்கு மீ கோரிங் வாங்கிக் குடுங்க, முட்டை போட்டு.

பழைய_வாத்தியார்
தாண்டலன்னா தாண்ட முடியாதுன்னு அர்த்தமா தம்பி? 1957ல மூப்புல முதல் ஆளு ஜொகூர் சுல்தான் இப்ராஹிம், வயசாயிருச்சுன்னு வேணாம்னுட்டாரு. ரெண்டாவது பகாங் சுல்தான், அவருக்கு ஓட்டு பத்தல. மூணாவதா இருந்த நெகிரி துவாங்கு அப்துல் ரஹ்மான்தான் முதல் அகோங் ஆனாரு. பர்ஸத் தொறந்து ரிங்கிட் நோட்ட பாருங்க, அதுல இருக்கறது அவரு முகம்தான். வெறும் முறையா இருந்திருந்தா அங்க வேற முகம் இருந்திருக்கும். இந்த வரிசையே அந்த முதல் ரவுண்டுல வந்ததுதான்.

ரெம்பாவ்_அக்கா
நெகிரின்னதும் வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. மத்த இடத்துல பெரும்பாலும் அப்பாவுக்கப்புறம் மகன். எங்க மாநில ஆட்சியாளரு யாங் டி-பெர்துவான் பெசாரையே உண்டாங்ங்கற வட்டாரத் தலைவருங்க நாலு பேரு, சுங்கை ஊஜோங், ஜெலெபு, ஜோஹோல், ரெம்பாவ், கூடிப் பேசி அரச குடும்பத்துலருந்து எடுக்குறாங்க. 2008ல துவாங்கு ஜாஃபர் தவறினப்ப அவரு மகனுங்க இருந்தும் அண்ணன் மகன் துவாங்கு முஹ்ரிஸத்தான் எடுத்தாங்க. பகாவ் தம்பி, இது உங்க சொந்த ஸ்டேட்டு கதை, மகளுக்கு இதையும் சொல்லிக் குடுங்க.

தோட்டத்து_வக்கீல்
கையெழுத்து கேள்விய எல்லாரும் விட்டுட்டீங்க. சாதாரண நாள்ல அவரு அமைச்சரவை சொல்றபடிதான் நடக்கணும், அரசியலமைப்பு 40வது பிரிவு. மசோதாவுல 30 நாளுக்குள்ள கையெழுத்து போடலன்னாலும் அது சட்டமாயிரும், 1994ல மாத்துனது. ஆனா பிரதமர நியமிக்கிறதும் பார்லிமென்ட்ட கலைக்க ஒத்துக்கிறதும் அவரு முடிவு. பெரும்பான்மை தெளிவா இருந்தா அதுவும் சடங்கு மாதிரிதான் தெரியும், இழுபறியானா அப்பத்தான் தெரியும் சங்கதி. 2020 பிப்ரவரியில அரண்மனைக்கு எம்பிங்கள வரிசையா கூப்பிட்டு, யாருக்கு ஆதரவுன்னு ஒவ்வொருத்தரா கேட்டாரு. 2022 நவம்பர் தேர்தல்ல 222 சீட்டுல ஹராப்பான் கூட்டணிக்கு 82, பெரிக்காத்தான் கூட்டணிக்கு 73, பெரும்பான்மைக்கு வேண்டிய 112ஐ யாரும் தொடல, அஞ்சு நாளு நாடே டிவி முன்னாடி உக்காந்திருந்துச்சு. எங்க ஆபிஸ்ல ஒரு பைலும் நகரல.

தே_ஓ_கொசோங்
அகோங்குக்கு எதாச்சும் ஆனா துணை அகோங் நேரா ஏறிக்குவாரா?

தோட்டத்து_வக்கீல்
இல்ல. 2019 ஜனவரில கிளந்தான் சுல்தான் பதவி விலகுனப்ப பேராக் சுல்தான் நஸ்ரின்தான் துணை, தற்காலிகமா பாத்துக்கிட்டாரு. அடுத்த தேர்தல்ல வந்தது பகாங். அந்த பகாங் சுல்தான் அரியணை ஏறி ஒம்போதே நாளு ஆயிருந்துச்சு!

பகாவ்_பையன்
எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் எழுதுனத மாமாக் கடையிலயே சத்தமா படிச்சேன். லோரி அண்ணன் அந்த அஞ்சு ஓட்டப் புடிச்சுக்கிட்டாரு, அப்பா லிஸ்ட்டப் புடிச்சுக்கிட்டாரு, கடைசில ரெண்டு பிளேட்டுக்கும் காசு நான்தான் குடுத்தேன். மக ரிங்கிட் நோட்ட வெளக்குக்கு நேரா புடிச்சு பாத்துக்கிட்டிருக்கு.

பழைய_வாத்தியார்
பாக்கட்டும். பரீட்சையில மட்டும் "அகோங்"னு எழுத வேணாம்னு சொல்லு தம்பி, யாங் டி-பெர்துவான் அகோங்னு முழுசா எழுதணும்.