கம்பெனி லீஸில் கார் எடுப்பதா, சொந்தமாக வாங்குவதா?

கும்பகோணத்தான்:
மேடவாக்கத்தில் குடியிருக்கிறேன், சோழிங்கநல்லூரில் வேலை. சம்பளம் வருடத்துக்கு 19 லட்சம், புதிய வரி முறை. இத்தனை நாள் பைக்கிலேயே ஓட்டிவிட்டேன். தை மாதம் ஊரில் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். அப்புறம் ஒருமுறை பஸ்ஸில் சென்னைக்கு அழைத்து வந்தேன். காலை நீட்ட முடியாமல் விழுப்புரம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். அன்றைக்கே கார் என்று முடிவாகிவிட்டது. எப்படி எடுப்பது என்பதில்தான் குழப்பம்.

பார்த்து வைத்திருக்கும் வண்டி ஷோரூம் விலை 9.5 லட்சம். 13 சதவீதச் சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆன்-ரோடு 11.2. கையில் இருக்கும் 2.2 போக 9 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருடம். இஎம்ஐ சுமார் 18,700.

ஆபீஸில் 4 வருட லீஸ் தருகிறார்கள். மாதம் 26,500 சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். சர்வீஸ், இன்சூரன்ஸ் அதில் அடக்கம், முன்பணம் இல்லை. வருடம் 15,000 கிலோமீட்டர் ஓட்டலாம். கடைசியில் 2.4 லட்சம் கட்டினால் வண்டி நமக்கு. வரியில் வருடம் 99,000 மிச்சம் என்று ஹெச்ஆர் ஒரு எக்ஸெல் ஷீட் அனுப்பியிருக்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் மனசு லீஸ் பக்கம் சாய்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அந்த 99,000 உங்களுக்குக் கிடைக்காது நண்பரே. வருட வாடகை 3.18 லட்சத்தை அப்படியே 30 சதவீதத்தாலும் செஸ்ஸாலும் (வரி மேல் போடும் கூடுதல் வரி) பெருக்கி வைத்திருக்கிறார்கள். புதிய முறையில் 30 சதவீதம் 24 லட்சத்துக்கு மேல்தான். உங்கள் 19 லட்சத்தில், சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் கிடைக்கும் நிலைக்கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000 போனால் 18.25 லட்சம். லீஸ் தொகை வரி போடும் முன்பே சம்பளத்தில் கழிவதால், அதில் 2.25 லட்சம் 20 சதவீத வரிப் படியிலும் மீதி 93,000 15 சதவீதப் படியிலும் கழியும். செஸ்ஸோடு 61,000 சொச்சம்தான் மிச்சம். கம்பெனி கார் வசதிக்கு என்று பெர்க்விசிட் (சம்பளம் போக கம்பெனி தரும் சலுகையின் மதிப்பு) தொகை வேறு உங்கள் வருமானத்தில் ஏறும், அதற்கும் வரி உண்டு.

கிலோமீட்டரையும் பாருங்கள். மாதம் எத்தனை தடவை ஊருக்குப் போவீர்கள்?

கும்பகோணத்தான்:
இரண்டு தடவை. போய்வர 600 என்று வைத்தால் மாதம் 1,200, ஆபீஸுக்கு ஒரு 400. வருடத்துக்கு 19,200 வருகிறது. வரம்பைத் தாண்டினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன்.

ஓஎம்ஆர் அப்பா:
தம்பி, நான் லீஸில் எடுத்தவன். 19ஆவது மாதம் வேலை போய்விட்டது. வெள்ளிக்கிழமை மதியம் மீட்டிங், திங்கள்கிழமை லீஸ்காரரிடமிருந்து மெயில். மீதித் தொகையைக் கட்டி வண்டியை வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் மூன்று மாத வாடகையை அபராதமாகக் கொடுத்து ஒப்படைக்கலாம். வேலையில்லாதவனிடம் லட்சக்கணக்கில் ஏது? ஒப்படைத்தேன். அபராதத்தை ஃபைனல் செட்டில்மென்ட்டில் கழித்துக்கொண்டார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் மாதாமாதம் கட்டியும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு க்ளெய்ம்கூடப் போடாமல் ஓட்டினேன். பாலிசி அவர்கள் பெயரில் இருந்ததால் க்ளெய்ம் போடாதவர்களுக்கு அடுத்த பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது முதல் வருடத்து 20 சதவீத நோ க்ளெய்ம் போனஸும் எனக்கு வரவில்லை.

வண்டியை எடுக்க வந்தவர் நல்ல மனிதர். பின் கண்ணாடியில் என் மகள் ஒட்டிய ஸ்டிக்கரைக் கிழியாமல் உரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அது இன்னும் பீரோவில் இருக்கிறது.

கடன் கார் என்றால் அந்த மாதமே விற்றுக் கடனை அடைத்திருப்பேன், இல்லை அண்ணனிடம் கைமாற்று வாங்கி நாலு மாதம் ஓட்டியிருப்பேன். லீஸில் வேலையும் காரும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், வேலை போனால் என்ன நடக்கும் என்ற பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

பள்ளிக்கரணை:
எப்படி எடுத்தாலும் இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் (தனியாகப் பணம் கட்டிச் சேர்க்கும் கூடுதல் காப்பீடு) இருக்கிறதா என்று பாருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வடிந்ததும் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தேன், எஞ்சின் போய்விட்டது. ஆட்-ஆன் இல்லாததால் முழுச் செலவும் என் தலையில். லீஸ் வண்டிக்குப் பாலிசியை அவர்கள் எடுப்பதால் நகலைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது, டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று, மூன்று வருடம் ஓடிய வண்டியை யோசித்தீர்களா? அந்த வயதைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கணக்கிலேயே மதிப்பு 40 சதவீதம் குறைந்திருக்கும். தமிழ்நாட்டு வண்டி என்றால் ஆயுட்கால வரியும் முதல் ஓனர் கட்டியிருப்பார்.

கும்பகோணத்தான்:
எல்லோருக்கும் நன்றி. ஓஎம்ஆர் அப்பா அண்ணா, உங்கள் பதிலை மனைவியிடம் படித்துக் காட்டினேன். எங்கள் டீமிலும் போன மாதம் இரண்டு பேரை அனுப்பிவிட்டார்கள். லீஸ் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம்.

பழைய வண்டியாகவே பார்க்கிறேன், 6 லட்சத்துக்குள். கடன் 4 லட்சத்தைத் தாண்டாது. சீட் உயரம்தான் இப்போது முக்கியம். தாழ்வான காரில் அம்மாவால் உட்கார்ந்து எழ முடியாது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வண்டி, பக்கத்து வீட்டு வண்டி இரண்டிலும் அவரை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.