பொருள்: ‘பிளை ரேட்டிங்’ – தமிழில் என்ன வைக்கலாம்? (திங்கட்கிழமைக்குள் வேண்டும்)

கம்பத்திலிருந்து, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

அன்பர்களுக்கு வணக்கம். வரும் திங்களன்று மோட்டார் மெக்கானிக் மாணவர்களுக்கு டயர் பாடம் எடுக்கிறேன். கையில் இருக்கும் வழிகாட்டி அமெரிக்காவின் கனரகப் பிக்கப் வண்டிகளுக்காக எழுதப்பட்டது. பழைய டயரைக் கழற்றினால் எந்த அளவில் புதியது போடுவது என்பதே அதன் பேச்சு. ‘எல்டி 245/75 ஆர் 16’ என்றால் இலகுரகச் சரக்கு வண்டிக்கான டயர் (எல்டி), 245 மில்லிமீட்டர் அகலம், அந்த அகலத்தில் 75 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம், ரேடியல் கட்டு, 16 அங்குல ரிம். அந்த 75-ஐ ‘உயர விகிதம்’ என்று எழுதிவிட்டேன். நம் பிக்கப்புகளில் ஓடும் 7.00 ஆர் 15-இல் அந்த எண்ணே கிடையாது, 7.00 என்பது அங்குலத்தில் அகலம்.

நான் தடுமாறி நிற்பது ‘பிளை ரேட்டிங்’ என்ற இடத்தில். டயருக்குள் இருக்கும் துணிப் படலம்தான் பிளை. லோயர்கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறும் ஓட்டுநர்கள் எல்லோரும் ‘பத்து பிளை போடு’ என்றுதான் கேட்கிறார்கள். என் மாணவன் ஒருவன் தேய்ந்த டயர் ஒன்றைக் குறுக்கே அறுத்து மேசைமேல் வைத்தான். பக்கச்சுவரில் பாலியெஸ்டர் இரண்டு படலம், தரையில் பதியும் பகுதியில் அவற்றோடு எஃகுக் கம்பி வலை இரண்டு, மேலே நைலான் ஒன்று. ‘பத்து எங்கே சார்?’ என்கிறான். பருத்தித் துணியால் டயர் கட்டிய காலத்தில் அது உண்மையான எண்ணிக்கை. இன்று வலுவின் அளவு மட்டுமே. இதைச் சொல்லும் சொல் வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

தம்பி, ‘புரி’ இருக்க வேறு சொல் எதற்கு? முப்புரிநூல் என்கிறோம். மூன்று இழையை முறுக்கிச் சேர்த்தால் அது முப்புரி. வைக்கோலைத் திரித்தால் அதுவும் புரி. கயிற்றுக்கு வலு புரியால் வருகிறது. டயருக்குள் இருப்பதும் இழைதானே? பதின்புரி, எண்புரி என்று எவ்வளவு அழகாக நிற்கிறது! ‘அடுக்கு’ என்று யாரேனும் சொல்லப் போகிறீர்கள். இலக்கணத்தில் அடுக்குத்தொடரைப் பிரித்தாலும் பொருள் தரும், இரட்டைக்கிளவியைப் பிரித்தால் தராது. அடுக்கு என்றால் தனித்தனியே எடுத்து வைக்கத்தக்கது. டயரின் படலங்கள் ரப்பரோடு வெந்து ஒன்றானவை. அவற்றை அடுக்கு என்பது சொல்லுக்கே பொருந்தாது.

குமுளியிலிருந்து, டயர்க் கடை நடத்துபவர்:

ஐயா, உங்கள்மேல் மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் புரி வேண்டாம். பட்டறையில் போல்ட்டின் திருகுக்கு ஏற்கெனவே அந்தச் சொல்தான். ‘புரி போய்விட்டது’ என்றால் பையன் நட்டைத் தேடுவான். மலையாளத்தில் ‘பிரி’ என்றாலும் அதுவே. என் கடைக்கு வருபவர்களில் பாதிப்பேர் மலையாளிகள். ‘அடுக்கு’ என்றால் இரண்டு மொழிக்காரருக்கும் புரியும்.

சொல்லைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. 245 கழற்றிய இடத்தில் 265/75 ஆர் 16 போடச் சொல்லி வருகிறார்கள், பார்க்க எடுப்பாக இருக்கும் என்று. விட்டம் சுமார் 774 மில்லிமீட்டரிலிருந்து 804-க்குப் போகிறது. வேகமானி 60 காட்டும்போது வண்டி 62-இல் ஓடும். ஏற்றத்தில் இழுவை குறையும், இறக்கத்தில் பிரேக்குக்குக் கூடுதல் பளு, வளைவில் திருப்பினால் மட்கார்டில் உரசும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பார்த்து அதே அளவைப் போடுங்கள் என்று தடித்த எழுத்தில் அச்சிடுங்கள்.

பாலக்காட்டிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

இரண்டு சொல்லுமே தவறான எண்ணிக்கையைத்தான் மாணவன் மனத்தில் பதிக்கும். எண்ணிப் பார்க்கவே முடியாத ஒன்றுக்கு ‘பத்தடுக்கு’ என்று பெயர் வைத்துவிட்டு, ‘அடுக்குகளை எண்ணாதே’ என்று கீழே குறிப்பும் எழுத வேண்டுமா? ‘வல்’ என்ற வேர் இருக்கிறது. ‘கடலோடா கால்வல் நெடுந்தேர்’ என்கிறது குறள். கால் என்பது சக்கரம். வலிய சக்கரம் உடைய தேர். ‘கால்வலு’ என்று வையுங்கள். பத்துக் கால்வலு. அதிக பாரம் ஏற்றினால் என்னவாகும் என்பதையும் வள்ளுவரே ‘அச்சிறும்’, அதாவது அச்சு முறியும், என்று சொல்லியிருக்கிறார்.

நாகர்கோவில்:

கால்வல் என்று எடுத்ததற்கு மகிழ்ச்சி அம்மா. அப்படியானால் ஸ்டெப்னியையும் விடக்கூடாது. அது வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஒரு தெருவின் பெயர். அங்கே செய்த மாற்றுச் சக்கரத்தின் பெயராகி நம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. நமக்கோ புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் ‘சேம அச்சு’ தந்திருக்கிறார். உப்பு வணிகர்கள் மேடு பள்ளத்துக்கு அஞ்சி வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போன மாற்று அச்சு. ‘சேமச் சக்கரம்’ என்று பாடத்தில் எழுதுங்கள். புரியை நான் விடவில்லை.

குமுளி:

சேமச் சக்கரம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதுவும் மற்ற நான்கின் அளவிலேயே இருக்க வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியில் மாறுபட்ட விட்டம் பல்சக்கரப் பெட்டியைக் கெடுக்கும். ஆனால் அம்மா, ‘கால்வலு’ என்று கடையில் கேட்டால் முழங்காலுக்குத் தைலம் கொடுப்பார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். தெளிவுக்காகவே சொல்கிறேன்.

கம்பம்:

நாளை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் அடுக்கின் பக்கம்தான் கூடுதல் பேர். எனவே ‘அடுக்குத்தரம்’ என்று வைக்கிறேன். வன்றொடர்க் குற்றியலுகரம் ஆதலால் ஒற்று மிகும், ஐயா பார்த்துக்கொள்ளுங்கள். ‘தரம்’ என்று சேர்த்ததால் எண்ணிக்கை அல்ல என்பது ஓரளவு தெரியும். வழிகாட்டி ‘ஈ’ சுமை வகை என்று சொல்வது பத்து அடுக்குத்தரம், 80 பவுண்டு காற்று வரை தாங்குவது. ஓட்டுநர்கள் சொல்லும் ‘பிளை’யையும் ஒரே ஒரு இடத்தில் குறிப்பிடுவேன், பையன்கள் கடையில் திணறக்கூடாது.

பாலக்காடு:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். அடுக்குத்தரத்தைப் போடும் இடத்திலெல்லாம் சுமைக் குறியெண்ணையும் பக்கத்தில் போடுங்கள். 120/116 என்றிருந்தால், ஒற்றைச் சக்கரமாக ஒரு டயர் 1400 கிலோ தாங்கும், பின்னால் இரட்டையாக மாட்டினால் ஒவ்வொன்றும் 1250. மாணவன் நம்ப வேண்டியது அந்தக் கிலோவைத்தான்.

நாகர்கோவில்:

ஒற்று சரி. அடுத்த பதிப்பில் புரியைப் பற்றி மீண்டும் எழுதுவேன்.