எட்டாயிரம் ரூபாயை ரீல்ஸ் விளம்பரத்தில் போடலாமா?

கொண்டல் (தங்கச்சிமடம்):
கரைவலை இழுக்கும்போது எங்கள் தாத்தாமார் பாடிய அம்பாப் பாட்டின் சந்தத்தில், நாங்கள் நால்வர் புதிதாக ஒரு பாட்டு எழுதிப் பதிவும் செய்து முடித்துவிட்டோம். மீதிப் பணம் எட்டாயிரம். அதை ரீல்ஸ் விளம்பரத்தில் போட வேண்டும் என்கிறேன் நான். குழுவில் இருவர் மறுக்கிறார்கள். ஏப்ரலில் வெளியிட எண்ணம்.

பாலத்தடி (பாம்பன்):
தயங்காமல் போடுங்கள், தம்பி. 2020 ஜூனில் டிக்டாக்குக்குத் தடை வந்து அடுத்த மாதமே இங்கே ரீல்ஸ் தொடங்கியதிலிருந்து, முன்பின் அறியாதவர் காதில் புதுப் பாட்டு விழுவது பெரும்பாலும் அந்தச் சிறு துண்டின் வழியாகத்தான். பாம்பன் பாலத்தில் இறங்கிப் படம் பிடிக்கிற சுற்றுலாக்காரர் ஒவ்வொருவரும் பின்னணிக்கு ஏதோ ஒரு சினிமாப் பாட்டைத் தேடுகிறார். அந்த இடத்தில் கடலோரத்துக் குரல் ஒன்று இருந்தால் கசக்குமா?

சோளகம் (தொண்டி):
கசக்காது, ஆனால் வயிறும் நிறையாது. சென்ற ஆண்டு நானும் இப்படித்தான் பணத்தைக் கொட்டினேன். துண்டைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஏறினார்கள். முழுப் பாட்டைத் தேடி வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு கேட்பு என்று கணக்கு. 2024 முதல், ஒரு பாட்டு 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாவிட்டால் அதற்கு உரிமத்தொகையே கிடையாது. விளம்பரத்தைத் தொட்டுவிட்டுப் பத்தாம் நொடியில் ஓடுகிறவரால் உங்களுக்கு என்ன பயன்?

கொண்டல்:
அண்ணன் சொல்வது சுடுகிறது. எங்கள் பாட்டின் முதல் 25 நொடியும் அலையோசையும் வலைக்கயிறு உரசும் சத்தமும்தான்.

பாலத்தடி:
அதை வெட்டிவிடுங்கள். குரலில் தொடங்குங்கள்.

சோளகம்:
வெட்டக் கூடாது. அந்தக் கயிற்றுச் சத்தம்தான் உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது. ரீல்ஸுக்குக் குரல் வரும் இடத்திலிருந்து தனித்துண்டு எடுங்கள். முழுப் பாட்டை அப்படியே விடுங்கள். (பத்து நொடி அலையோசைக்குப் பொறுக்காதவர் அம்பாப் பாட்டுக்கு எப்படிப் பொறுப்பார் என்பது என் சொந்த எரிச்சல்.) பணம் செலவில்லாத வேலை ஒன்றும் உண்டு: ஸ்பாட்டிஃபையின் கலைஞர் பக்கத்தில், வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பே பாட்டைப் பரிந்துரைத்துவிட்டால், உங்களைப் பின்தொடர்கிறவர்களின் புதுப்பாட்டுப் பட்டியலில் அது தானாகவே சேரும். வெளிவந்த பாட்டை அதில் பரிந்துரைக்க முடியாது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இதைத்தான் கோட்டைவிடுகிறார்கள்.

முத்துச்சிப்பி (கீழக்கரை):
இருவரும் விளம்பரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு உரிமைதான் கவலை. எங்கள் பெரியம்மா பாடிய அம்பாவைக் கைப்பேசியில் பதிந்து யூடியூபில் ஏற்றினேன். எங்கோ உள்ள ஒரு நிறுவனம் அதே மெட்டைத் தன் பதிவில் போட்டு, உரிமையுள்ள ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடியில் சேர்த்திருந்ததால், என் காணொளியின் வருமானம் அவர்களுக்கு என்று அறிவிப்பு வந்தது. மறுப்பு எழுதி மீட்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தனக்கு மட்டுமே உரிமை உள்ளதைத்தான் அதில் சேர்க்கலாம் என்பது யூடியூபின் விதி. ஊர்ச் சொத்தான மெட்டு யாருக்கும் தனியுரிமை ஆகாது. ஆகவே பாட்டைத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனத்தின் படிவத்தில் கன்டென்ட் ஐடி கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்யாதீர்கள், தம்பி. நாளை வேறொரு குப்பத்துப் பாட்டிக்கு உங்கள் பெயரில் அதே அறிவிப்பு போகும். உங்கள் பதிவுக்கு, அதை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண் வாங்குங்கள். வரிகள் உங்களுடையவை என்பதால், பாட்டு எழுதியவர்களுக்கு உரிமத்தொகை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகுங்கள்.

பாலத்தடி:
உரிமை விஷயத்தில் அக்காவோடு உடன்படுகிறேன். ஆனால் பாட்டை யாரும் கேட்காவிட்டால் உரிமையை வைத்து என்ன செய்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆட்கள் கரையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் நேரம். விளம்பரம் அப்போது ஓடட்டும்.

சோளகம்:
தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகும் கரைவலையும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அவர்களுக்கு விளம்பரம் எதற்கு? தம்பி, உங்கள் பக்கத்துப் பாம்பனிலேயே கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். மீனவர் சங்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் இணைப்பைப் போடுங்கள். அங்கிருந்து வருகிறவர் மறுபடியும் கேட்பார்.

பாலத்தடி:
கரை கேட்கும். கோயம்புத்தூர் கேட்குமா?

கொண்டல்:
குழுவில் பேசினோம். வெளியீட்டை ஏப்ரல் 20-க்குத் தள்ளி, பரிந்துரையை இந்த வாரமே அனுப்புகிறோம். அந்தக் கட்டத்தை டிக் செய்யவில்லை, அக்கா. இரண்டாயிரம் மட்டும் விளம்பரத்துக்கு. மீதியில் கரைவலை இழுப்பைக் காணொளியாக எடுக்கிறோம். அலையோசையை வெட்டவில்லை. பாலத்தடி அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம். துண்டு குரலில்தான் தொடங்குகிறது.