டெல்லி முனிர்கா: கணக்குப்படி 380 யூனிட், பில்லில் 612. மீட்டர் கோளாறா?

முனிர்கா_மாடி: அவசரம். கரண்ட் பில் நாலாயிரத்துக்கு மேல வந்திருக்கு. போன தடவை ஆயிரத்து இருநூறுதான். எல்லாத்தையும் எழுதிக் கூட்டிப் பார்த்துட்டேன், 380ஐத் தாண்டலை. மீட்டரை மாத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கலாமா?

பாலம்_ரோடு: எத்தனை நாள் பில்? ஏசி எத்தனை டன்? கணக்கை எப்படிப் போட்டீங்க? எதுவுமே சொல்லலையே தம்பி.

வாட்_வாத்தியார்: வாட்டை மணியால பெருக்கினா யூனிட்னு போட்டிருப்பார், வேற என்ன. வாரத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வர்றாங்க. ஃப்ரிட்ஜ், ஏசிக்கெல்லாம் அது செல்லாது, கம்ப்ரசர் விட்டுவிட்டுத்தானே ஓடும். ஸ்டார் லேபிலைப் பாருங்க. ஏசிக்கு அதுல இருக்கிறது 1600 மணி நேரத்துக்கான யூனிட். 760னு இருந்தா மணிக்கு 0.475. டெல்லி ஜூன்ல அதுவும் பத்தாது. ஃப்ரிட்ஜ் லேபில் வருஷத்துக்கு, 365ஆல வகுக்கணும்.

மயூர்_விஹார்_மாமி: தொகை எகிறினது வேற விஷயம். டெல்லியில 201லேருந்து 400 யூனிட் வரைக்கும்தான் பாதி மானியம், அதிகபட்சம் 800 ரூபாய். 401 ஆனா அது முழுசாப் போயிடும். அதுக்கு மேல யூனிட் ஆறரை ரூபாய் வேற. அதனால ரூபாயை வெச்சு ஒப்பிடாதீங்கோ, யூனிட்டை மட்டும் பாருங்கோ.

கரோல்பாக்_அண்ணாச்சி: ஸ்டெபிலைசர் இருக்கா? அதான் தின்னும். ராத்திரி ஆஃப் பண்ணிப் பாருங்க.

பாலம்_ரோடு: சும்மா இருக்கிற ஸ்டெபிலைசர் மாசம் 230 யூனிட் தின்னா வீடே அடுப்பாயிடும் அண்ணாச்சி. @முனிர்கா_மாடி, இன்வெர்ட்டரா, சாதாவா?

முனிர்கா_மாடி: 31 நாள். ஒன்றரை டன், அஞ்சு ஸ்டார், தினம் 8 மணி நேரம். லேபில் பார்த்துத்தான் போட்டேன் சார். இன்வெர்ட்டர் இருக்கு, போன மாசம்தான் மாட்டினோம்.

வாட்_வாத்தியார்: ஏசியே போன மாசம்தான் வந்துச்சா? இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். கேஸ் முடிஞ்சது.

முனிர்கா_மாடி: இல்ல சார், ஏசி பழசு. இது பேட்டரி இன்வெர்ட்டர், 150 ஏஹெச்.

டெல்லி_கெப்பாசிட்டர்: பவர் ஃபாக்டர் பிரச்சினை, இழுக்கிற கரண்ட்ல ஒரு பகுதி வேலை செய்யாமலே திரும்புது. பிளக்ல செருகுற பவர் சேவர் பெட்டி ஒண்ணு வாங்குங்க, 30 சதவீதம் குறையும்.

வாட்_வாத்தியார்: அந்தப் பெட்டிக்குள்ள ஒரு கெப்பாசிட்டரும் எல்இடியும்தான் இருக்கு. வீட்டு மீட்டர் கிலோவாட் மணியைத்தான் பில் பண்ணுது, வேலை செய்யாத பகுதியையும் சேர்த்து எண்ணுற கேவிஏஹெச் கடைக்குத்தான். அது ஒரு பைசா குறைக்காது.

டெல்லி_கெப்பாசிட்டர்: என் கடையில குறைஞ்சுதே?

வாட்_வாத்தியார்: கடைன்னுதானே சொல்றீங்க! அதையேதான் நானும் சொல்றேன்.

மயூர்_விஹார்_மாமி: உங்க சண்டையைத் தனியா வெச்சுக்கோங்கோ, பாவம் அந்தப் பையன்.

மீட்டர்_பெட்டி: இன்வெர்ட்டர் சமாச்சாரத்தை விடாதீங்க. நிறைஞ்ச பேட்டரிக்கு 15-20 வாட், மாசம் 10-15 யூனிட்தான் போகும். 230 போகாது. சந்தேகம் வயரிங் மேல. மீட்டர்ல 'எர்த்' அல்லது 'ஈஎல்'னு (கரண்ட் கசிவு எச்சரிக்கை) சின்ன விளக்கு எரியுதா? அப்புறம் இதைச் செய்ங்க: வீட்டுக்குள்ள ஒத்தை எம்சிபி (ஃபேஸை மட்டும் துண்டிக்கிற ஸ்விட்ச்) எல்லாத்தையும் இறக்குங்க, இன்வெர்ட்டரையும் ஆஃப் பண்ணுங்க. ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் துண்டிக்கிற மெயின் டபுள் போல் ஸ்விட்ச் மட்டும் மேலயே இருக்கட்டும். சிவப்பு விளக்கு ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை சிமிட்டுதுன்னு எண்ணுங்க. மீட்டர் முகத்துல 3200 இம்பல்ஸ்னு, அதாவது யூனிட்டுக்கு 3200 சிமிட்டல்னு, இருக்கான்னும் பாருங்க. கடைசியா மெயினையும் இறக்குங்க. அப்பவும் சிமிட்டினா மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவுல யாரோ கொக்கி போட்டிருக்காங்க.

முனிர்கா_மாடி: ஈஎல் எரியுது. 3200தான். 22 தடவை. மெயினை இறக்கினா நின்னுடுது.

மீட்டர்_பெட்டி: 22ஐ 60ஆல பெருக்கி 3200ஆல வகுத்தா 0.41. எல்லாம் அணைச்சும் 410 வாட் ஓடுது. நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போற வயர், வேற வீட்டோடதோட கலந்திருக்கு. இந்த மீட்டர் ஃபேஸ், நியூட்ரல் ரெண்டையும் அளந்து எது பெருசோ அதுக்குப் பில் போடும். பக்கத்து வீட்டு லோடு உங்க நியூட்ரல் வழியாத் திரும்பினா, அவங்க மீட்டரும் ஓடும், உங்களுதும் ஓடும். மீட்டர் சரியாத்தான் இருக்கு. இன்வெர்ட்டர் மாட்டினவர் மேல்வீட்டுலயும் வேலை பார்த்தாரா? வீட்டுல ஆர்சிசிபி (போற கரண்ட்டும் திரும்புற கரண்ட்டும் ஒத்துப்போகலைன்னா தானா துண்டிக்கிற ஸ்விட்ச்) இல்லையா? இருந்தா அன்னிக்கே ட்ரிப் ஆகியிருக்கணுமே.

முனிர்கா_மாடி: ரெண்டு வீட்டுக்கும் அவரேதான், ஒரே நாள்ல. ஆர்சிசிபி ட்ரிப் ஆகிட்டே இருந்துச்சு, அது கெட்டுப்போச்சுன்னு சொல்லி எடுத்துட்டு நேரா கொடுத்துட்டார்.

பாலம்_ரோடு: அடப்பாவி. இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?

மீட்டர்_பெட்டி: லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, நீங்க கை வைக்காதீங்க. பிரிச்ச நியூட்ரல் நுனியில மேல்வீட்டு லோடு வழியா 230 வோல்ட் நிக்கும். ரெண்டு வீட்டு மெயினையும் இறக்கிட்டு நியூட்ரல் லிங்க்ல ஒவ்வொரு வயரா கழட்டணும். எதைக் கழட்டினதும் ஈஎல் அணையுதுன்னு, ஒவ்வொரு தடவையும் கரண்ட் கொடுத்துப் பார்க்கணும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியைத் திரும்ப மாட்டாம வேலையை முடிக்க விடாதீங்க.

முனிர்கா_மாடி: (நாலு நாள் கழிச்சு) இன்வெர்ட்டர் அவுட்புட் நியூட்ரல்தான், வயர் போற ஷாஃப்ட்ல மேல்வீட்டு நியூட்ரலோட முறுக்கி விட்டிருந்தாங்க. பிரிச்சாச்சு, ஈஎல் அணைஞ்சது, புது ஆர்சிசிபி ட்ரிப் ஆகாம நிக்குது. நன்றி சார்.

கரோல்பாக்_அண்ணாச்சி: ஸ்டெபிலைசரை ஆஃப் பண்ணிப் பார்த்தீங்களா?